நெல்லையின் மைலேஜ்: டெல்லி நாட்குறிப்பு

புதன் இரவு, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்

சென்னை சென்ட்ரலில் இரவு பத்து மணிக்கு வண்டி சரியாகக் கிளம்பிவிட்டது. டெல்லிக்கு எத்தனை மணிக்குப் போகும் என்று பெட்டியில் ஒருவரும் கேட்கவில்லை. ஜனவரியில் வடக்கே போகிறவர்களுக்கு அந்தக் கேள்வியே கிடையாது. ஆக்ரா தாண்டினால் பனி வைத்ததுதான் சட்டம்.

போவது துக்கம் விசாரிக்க. நவம்பரில் நெல்லை இறந்துவிட்டான். எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வாரம்கூட ஆகாத நேரம் அது. டாக்டர் பயணமே கூடாது என்றுவிட்டார். போனில் அழுததோடு சரி.

நெல்லை என்பது ஊர்ப்பெயர்தான். எண்பதுகளில் கரோல் பாக்கில் ஒரு மெஸ்ஸின் மாடியில் நாங்கள் குடியிருந்தபோது பெயர் சொல்லி யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை. ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் வேறு என்ன செய்வது? அஞ்சல் துறையில் இருந்தவன் நெல்லை. தணிக்கைத் துறையில் இருந்தவர் கும்பகோணம், எங்களுக்கு நாலைந்து வயது மூத்தவர். வானிலைத் துறையில் இருந்தவன் பாலக்காடு. நான் திருச்சி. எல்லாரும் ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுத்து, சர்க்கரை மாத்திரையும் போட ஆரம்பித்தாயிற்று. பெயர் மட்டும் மாறவில்லை.

நான் ஊர் திரும்பிய பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நெல்லையிடமிருந்து போன் வரும். முதலில் வானிலை. “அங்க மழையால?” அப்புறம் அவனுடைய மாருதி 800. பிறகு பிள்ளைகள். கடைசியாக, போனை வைக்கப் போகும்போது, யார் போய்விட்டார்கள் என்ற தகவல். எந்தச் சாவுச் செய்தியையும் அவன் முதலில் சொன்னதில்லை. “சரி வைக்கட்டா, ஆங், மெஸ் மாமி போயிட்டாங்கடே” என்று போகிற போக்கில் சொல்லுவான்.

வியாழன், எங்கேயோ நாக்பூருக்கு முன்னால்

பகல் முழுக்க ரயில். எழுத ஒன்றும் பெரிதாக இல்லை. எதிர் இருக்கைப் பெரியவர் மகனுக்கு வாங்கிய கார் எலெக்ட்ரிக், வீட்டு வாசலில் சார்ஜ் போட அடுக்ககச் சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சண்டையை வாரங்கல்லில் ஆரம்பித்து பல்லார்ஷா வரை சொன்னார். நாக்பூரில் ஆரஞ்சு வாங்க வேண்டும். குளிர்காலத்தில் இந்த வழியாகப் போய் ஆரஞ்சு இல்லாமல் இறங்கினால் கும்பகோணம் வீட்டுக்குள் விடமாட்டார்.

வெள்ளி, மயூர் விஹார்

விடிகாலை வரவேண்டிய வண்டி மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேர்ந்தது. ஆக்ராவுக்கு அப்புறம் ஜன்னலில் வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தக் காலத்தில் சிக்னல் வருகிறது என்று டிரைவருக்குச் சொல்ல தண்டவாளத்தில் வெடி வைப்பார்கள். சக்கரம் ஏறியதும் டப், டப் என்று வெடிக்கும். தூக்கத்தில் முதல்முறை கேட்டவன் எவனும் அலறாமல் இருந்ததில்லை. இப்போது எஞ்சினில் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது, அடுத்த சிக்னல் எவ்வளவு தூரத்தில் என்று முன்கூட்டியே காட்டிவிடும் என்றார் டிக்கெட் பரிசோதகர். காட்டினாலும் வண்டி மாட்டு வண்டி வேகத்தில்தான் வந்தது.

புது டெல்லி ஸ்டேஷனில் கும்பகோணம் நின்றிருந்தார். குரங்குக் குல்லா, அதற்கு மேல் மப்ளர், கையுறை. கண் மட்டும்தான் தெரிந்தது. என்னைப் பார்த்ததும், “காலையில ஆறு டிகிரி. நீங்க ஸ்வெட்டர் ஒண்ணுதான் போட்டிருக்கீரா?” என்றார். குசலம் அவ்வளவுதான். ஆரஞ்சுப் பையை வாங்கி எடை பார்த்துக்கொண்டார்.

மெட்ரோ ஏறி மயூர் விஹார் முதல் பகுதி வரை வந்தோம். வழியெல்லாம் காற்றில் கரி வாசனை. போனில் காற்றின் தரம் 360 என்று காட்டியது. 300-ஐத் தாண்டினால் மிக மோசம், 400-ஐத் தாண்டினால் கடுமை என்று இங்கே கணக்கு. “இன்னிக்குப் பரவாயில்ல” என்றார் கும்பகோணம். டெல்லிக்காரர்கள் 360-ஐப் பரவாயில்லை என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை.

நெல்லையின் வீடு டி.டி.ஏ., அதாவது டெல்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய அடுக்கு வீட்டில் முதல் மாடி. கீழே வாசலில், வேப்பமரத்துக்கு அடியில், வெள்ளை மாருதி 800 நின்றிருந்தது. மேலே இலையும் பறவை எச்சமும். முன் டயர் ஒன்றில் காற்றே இல்லை. அவன் இருந்தபோது அந்த வண்டி மேல் ஒரு இலை ஒரு மணி நேரம் கிடந்ததில்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது. அவன் மனைவியைப் பார்த்தபோது அவ்வளவு இல்லை, ஏனென்றால் அந்த அம்மாள் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

“வாங்க அண்ணாச்சி. வண்டி ரொம்ப லேட்டோ? சுடுதண்ணி போட்டு வச்சிருக்கேன், முதல்ல குளிங்க.”

குளித்து, சொதியும் இஞ்சித் துவையலும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேச உட்கார்ந்தோம். ஹாலில் படம் மாட்டியிருந்தது. நான் படத்தைப் பார்த்தேன். அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

“இந்தக் காரை என்ன செய்யன்னு நீங்க மூணு பேரும் உக்காந்து சொல்லுங்க. ஆர்.சி. அவுக பேர்ல இருக்கு.”

எப்படி நடந்தது, வலித்ததா, கடைசியாக ஏதாவது சொன்னானா என்றெல்லாம் கேட்கத்தான் ரயிலில் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஃபைலைத் திறந்தேன்.

சனி, மொட்டை மாடியில்

பதினொரு மணிக்கு மேல் வெயில் வந்தது. டெல்லியில் குளிர்கால வெயில் வந்துவிட்டால் வீட்டுக்குள் இருப்பவனை முட்டாள் என்பார்கள். பாய், ஆரஞ்சு, நிலக்கடலை, கஜக் எல்லாம் மாடிக்கு ஏறின. பாலக்காடு ஜனக்புரியிலிருந்து மெட்ரோவில் வந்துவிட்டான். முழங்கால் இரண்டும் மாற்றியாயிற்று. “இப்ப நான்தான் நம்ம கோஷ்டியில புது ஸ்பேர் பார்ட்ஸ்” என்று சொல்லிக்கொண்டே பாயில் உட்காராமல் நாற்காலி கேட்டான்.

காரின் கதையைச் சொல்லவேண்டும். முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி 1983 டிசம்பர் 14 அன்று கொடுத்தார். வாங்கியவர் ஹர்பால் சிங், இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர், டெல்லி கிரீன் பார்க்கில் வீடு. விலை 47,500 ரூபாய். மறுநாள் பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்த நெல்லை, அதை வெட்டி மெஸ் அறையின் கதவில் ஒட்டினான். எங்கள் சம்பளத்துக்கு அது நிலாவில் மனை வாங்குகிற பேச்சு. பிள்ளைகள் படிப்பு, தங்கை கல்யாணம், அம்மா வைத்தியம் எல்லாம் முடித்து, 2009 கடைசியில்தான் அவனால் வாங்க முடிந்தது. அதற்குள் ஊரெல்லாம் ஆல்டோ, ஐ10 என்று போய்விட்டது. எல்லாரும் சொல்லியும் கேட்கவில்லை. 2010 ஏப்ரலில் பி.எஸ். 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது டெல்லி உள்ளிட்ட பெருநகரங்களில் 800 விற்பதையே நிறுத்திவிட்டார்கள். ஆக, இந்த ஊரில் விற்ற கடைசி 800-களில் ஒன்று அவனுடையது. அதில் அவனுக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமைதான் பிறகு வினையானது. டெல்லியில் டீசல் வண்டிக்குப் பத்து வருஷம், பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து. பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. நெல்லையின் வண்டிக்கு 2024-இல் வயது முடிந்தது. 2025 ஜூலை 1 முதல் வயதான வண்டிகளுக்குப் பங்க்கில் பெட்ரோல் கிடையாது என்று கேமரா வைத்தார்கள். சில நாளிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் நீதிமன்றமும் இப்போதைக்கு நடவடிக்கை வேண்டாம் என்றது. அன்றைக்கு ஞாயிறு இல்லை, இருந்தும் போன் வந்தது. “ஜாமீன் கிடைச்சிட்டுடே!” என்று கத்தினான். டிசம்பரில் அந்த ஜாமீன் பி.எஸ். 4-க்கு முந்தைய வண்டிகளுக்கு இல்லை என்று திருத்திவிட்டார்கள். நெல்லையின் வண்டி பி.எஸ். 3. நல்லவேளை, அதைக் கேட்க அவன் இல்லை.

வேறு மாநிலத்துக்குத் தடையில்லாச் சான்று வாங்கி ஊருக்கு அனுப்பலாம் என்றேன் நான். அனுப்பி யார் ஓட்டுவது என்றார் கும்பகோணம். மகன் டொரண்டோவில், மகள் கோயம்புத்தூரில். இருவருமே ‘அம்மா என்ன சொல்றாங்களோ அது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அம்மாவோ எங்களைக் கேட்கிறார். கடைசியில் பழைய வண்டி உடைக்கிற, அரசுப் பதிவு பெற்ற ஆலைக்கே கொடுத்துவிடுவது என்று முடிவானது. பழைய இரும்பு வாங்குகிற கபாடிக்காரனிடம் கொடுத்தால் கூடுதலாக நாலு காசு வரும்தான். ஆனால் அந்த எண் பலகையோடு வண்டி வேறெங்காவது ஓடி, ஏதாவது ஆகி, போலீஸ் இந்த வீட்டுக் கதவைத் தட்டும். ஆலையில் கொடுத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் தருவார்கள், பதிவும் ரத்தாகிவிடும். புது வண்டி வாங்கினால் அந்தச் சான்றைக் காட்டிச் சாலை வரியில் சலுகைகூட உண்டு.

அவர்கள் கேட்ட காகிதங்கள்: ஆர்.சி., இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பிள்ளைகளின் சம்மதக் கடிதம், அப்புறம் சேசிஸ் எண்ணின் பென்சில் பிரதி. கடைசியது மட்டும் இல்லை.

கீழே இறங்கினோம். பானெட்டைத் தூக்கி, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் பல வருஷப் பிசுக்கை நான் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. அதன் மேல் மெல்லிய தாளை வைத்து, நான்கு மூலையும் டேப் ஒட்டி, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்க்கவேண்டும். அழுத்தினால் தாள் கிழியும், அழுத்தாவிட்டால் விழாது. என் கண்ணை நம்பாமல் கும்பகோணமே தேய்த்தார். முதல் தாளில் ஐந்தா ஆறா தெரியவில்லை. இரண்டாவது கிழிந்தது. மூன்றாவதில் எண் முழுசாக வந்தது. மேலே பால்கனியிலிருந்து, “வந்திட்டா அண்ணாச்சி?” என்று குரல். “வந்தாச்சு” என்று தாளை உயர்த்திக் காட்டினார்.

வண்டியைக் காலி செய்யும்போது டேஷ்போர்டு அறையில் கிடைத்தது ஒரு நோட்டு. அஞ்சல் துறை டைரி, அட்டை பிய்ந்தது. முதல் நாளிலிருந்து போட்ட ஒவ்வொரு பெட்ரோலும் அதில் இருந்தது: தேதி, கிலோமீட்டர், லிட்டர், விலை. 2009-இல் லிட்டர் 44 ரூபாய் சொச்சம். 2025-இல் 95-ஐ ஒட்டி. கடைசிக் கட்டத்தில் ‘குறிப்பு’ என்று கோடு போட்டு இரண்டொரு வார்த்தை. ‘கடும் மூடுபனி, வைப்பர் சரியில்லை.’ ‘புழுதிப் புயல்.’ ‘மகள் ஏர்போர்ட்.’ ‘யமுனை வெள்ளம், பாலம் மூடல்.’ அது 2023 ஜூலை, பழைய ரயில் பாலத்தில் நீர் 208.66 மீட்டருக்கு ஏறிய வாரம். ‘ஹரித்வார், அம்மா அஸ்தி. ஏசி ஓடவில்லை.’

நான் இதை ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருக்க, கும்பகோணம் என் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கினார். “குடுங்க இங்க. இருபத்திரண்டு குடுக்குதுன்னு எத்தனை வருஷமா சொல்லிண்டிருந்தான்!”

இது பழைய வழக்கு. வண்டி லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் தருகிறது என்பது நெல்லையின் வேதம். டெல்லி நெரிசலில், ஏசி போட்டு, பதினெட்டைத் தாண்டாது என்பது கும்பகோணத்தின் வாதம். மூன்று நாள் பேசாமல்கூட இருந்திருக்கிறார்கள். இப்போது கணக்குப் புத்தகமே கையில் சிக்கிவிட்டது. மாடிக்குப் போனவர் சாப்பிடக்கூட இறங்கி வரவில்லை.

ஞாயிறு, மலை மந்திர்

மார்கழி ஞாயிறு, ஆர்.கே. புரம் மலை மந்திருக்குப் போகாமல் எப்படி? நெல்லை மாதம் ஒரு ஞாயிறாவது அந்த வண்டியில் மனைவியோடு போய்வருவான். ஒரு வருஷம் மலைக்கோயில் ஏறக்கூடாது என்பது அவர்கள் வழக்கம், அதனால் அந்த அம்மாள் வரவில்லை. ஃபிளாஸ்கில் காபி கொடுத்து அனுப்பினார்.

பொட்டானிக்கல் கார்டனில் மெட்ரோ மாறி வசந்த் விஹாரில் இறங்கினோம். கருங்கல் கோயில் 1973-இல் குடமுழுக்குக் கண்டது. ‘யாமிருக்கப் பயமேன்’ என்று வெளியே தமிழில் எழுதியிருப்பதைத் தூரத்தில் பார்த்ததுமே, டெல்லிக்குப் புதிதாக வந்த நாட்களில் எங்களுக்குப் பாதி ஊர் ஏக்கம் போய்விடும். இன்று அந்த எழுத்துப் பனியில் சரியாகத் தெரியவில்லை. பாலக்காடு புது முழங்கால்களோடு படி ஏறினான். நானும் கும்பகோணமும் அவனுக்குப் பின்னால் மூச்சு வாங்கினோம்.

தரிசனம் முடித்து வெயிலைப் பார்த்து உட்கார்ந்தோம். ஏன் பனி இன்னும் விலகவில்லை என்று நான் கேட்டது தப்பு, பாலக்காடு ஆரம்பித்துவிட்டான். மேற்கிலிருந்து வந்த மேகம் மழை பெய்து ஈரத்தை விட்டுப் போகும், காற்று நின்றுவிடும், இரவில் தரை சீக்கிரம் குளிரும், மேலே கொஞ்சம் சூடான காற்று மூடி போட்டுக்கொள்ளும். பனியும் புகையும் கீழேயே கிடக்கும். சர்வீஸில் இதை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பானோ, குரலில் இன்னும் உற்சாகம் குறையவில்லை.

அப்படியே நெல்லை பேச்சுக்கு வந்தான். 2024 மே மாதம் முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று செய்தி வந்ததல்லவா, அன்றைக்கு நெல்லை பாலக்காட்டுக்குப் போன் செய்து, “உங்க ஆபீஸ்ல சாதனை அடிச்சிட்டீங்களே” என்றானாம். கருவி மூன்று டிகிரி கூட்டிக் காட்டியிருக்கிறது என்று பிறகு தெரிந்தது. அதைச் சொன்னால் நெல்லைக்குக் கோபம். “எனக்கு 52.9 அடிச்சதுடே, நான் வெயில்ல நின்னேன்லா!”

சிரித்தோம். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. சிரித்து ஓய்ந்த பிறகு பாலக்காடு, யாரும் கேட்காமலே, அந்த நாளைச் சொன்னான். ராத்திரி ஒரு மணிக்குப் போன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. மறுநாள் லோதி சாலை மயானம். மகனுக்கு அன்றைக்கே விமானம் கிடைக்கவில்லை, மகள் வந்துவிட்டாள், அவளே கொள்ளி வைத்தாள். “புகை அப்படி இருந்தது அன்னிக்கு. கண்ணெரிஞ்சா அழறோமா இல்லையான்னே யாருக்கும் தெரியாது. சௌகரியம்தான்” என்றான்.

கும்பகோணம் காபியை மூன்றாகப் பங்கிட்டார். கணக்காக, ஒரு சொட்டு கூடக் குறைய இல்லாமல்.

திங்கள், வண்டி போனது

காலை பத்து மணிக்கு வருகிறேன் என்ற இழுவை லாரி, ஒன்றரைக்கு வந்தது. டிரைவர் ஹாப்பூர்ப் பையன். காகிதத்தைச் சரிபார்த்து, சேசிஸ் எண்ணை நேரிலும் ஒப்பிட்டு, போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டான்.

டயரில் காற்றில்லை, பேட்டரி செத்துவிட்டது. லாரியின் சரிவுப் பலகை வரைக்கும் தள்ள வேண்டும். ஸ்டியரிங்கில் யார் உட்காருவது என்ற கேள்வி வந்தது. பாலக்காட்டின் முழங்கால் தள்ளவிடாது, அதனால் அவன் உட்காரலாம் என்றோம். அவன் கதவைத் திறக்கப் போகும்போது அந்த அம்மாள் இறங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் இடப்பக்கம் மட்டுமே உட்கார்ந்தவர்.

“எந்தப் பக்கம் திருப்பணும்னு சொல்லுங்க அண்ணாச்சி.”

நான், கும்பகோணம், சௌகிதார், ஹாப்பூர்ப் பையன் நாலு பேரும் தள்ளினோம். “வலது, வலது… நேரா விடுங்க…” என்று பாலக்காடு முன்னால் நின்று கை காட்டினான். 650 கிலோ என்பார்கள், காற்றிறங்கிய டயரோடு அது ஒரு டன் கனத்தது. பலகைக்கு முன்னால் வந்ததும் பிரேக்கை மிதித்தார். கரெக்டாக நின்றது. இறங்கி, இருக்கைக்கு முதுகில் வைக்கிற அவனுடைய சிறு தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“போகிக்கு ரெண்டு நாள் முன்னாடியே பழசைக் கழிச்சாச்சு” என்று பாலக்காடு ஏதோ சொல்ல வேண்டுமே என்று சொன்னான். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. “அந்த ஹர்பால் சிங் வண்டியத் துடைச்சு, புதுசாக்கி, மாருதிக்காரங்க ஆபீஸ்ல வச்சிருக்காங்களாமே. இவுக அடிக்கடி சொல்லுவாக. முதல் வண்டின்னா வைக்காங்க, கடைசி வண்டிய யாரு வைப்பா” என்றார்.

லாரி போனதும் வேப்பமரத்தடியில் வண்டி அளவுக்கு ஒரு காய்ந்த சதுரம். பத்து நிமிஷத்தில் மூன்றாம் மாடிக்காரர் தன் கிரெட்டாவை அதில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். டெல்லியில் பார்க்கிங் இடம் காலியாகக் கிடக்காது.

ராத்திரி சாப்பிடும்போது கும்பகோணம் தீர்ப்பைச் சொன்னார். ஓடியது 71,312 கிலோமீட்டர். குடித்தது 4,221 லிட்டர். லிட்டருக்கு 16.9.

“பதினேழுகூட இல்ல!” என்றார். குரலில் ஜெயித்த களை இல்லை. இத்தனை வருஷ வழக்கில் வென்றவர், யார் முகத்தில் அந்தக் காகிதத்தை நீட்டுவது என்று தெரியாமல் என்னிடம் நீட்டினார்.

“எனக்கு எப்பவோ தெரியும் அண்ணாச்சி” என்றார் அந்த அம்மாள், ரசம் ஊற்றிக்கொண்டே. “பெட்ரோலுக்குக் காசு எடுத்துக் குடுத்தது நான்தானே.”

அப்போதுதான் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

செவ்வாய், திரும்பும் வண்டியில்

தெருவுக்குத் தெரு லோஹ்ரிப் பண்டிகை நெருப்பு. பொரியும் கடலையும் ரேவடியும் அதில் போட்டுச் சுற்றி வருகிறார்கள். ஸ்டேஷன் வருவதற்குள் என் ஸ்வெட்டர் முழுக்கப் புகை வாசனை. பொங்கலன்று காலையில் சென்னை போய்ச் சேர வேண்டும், பனி மனசு வைத்தால். கோடையில் திருச்சி வந்து ஒரு மாதம் இருக்கச் சொல்லி அந்த அம்மாளைக் கூப்பிட்டிருக்கிறேன். “அங்க வெயில் எத்தனை டிகிரி?” என்று கேட்டார். வருவார் போலத்தான் இருக்கிறது.

மதுரா தாண்டும்போது கும்பகோணத்திடமிருந்து போன்.

“திருச்சி, தூங்கிட்டீரா? ஒரு தப்பு கண்டுபிடிச்சேன். 2016 மார்ச்ல ஒரே பில்லை ரெண்டு பக்கத்துல எழுதியிருக்கான். 25 லிட்டர். அதைக் கழிச்சா 4,196. பதினேழு வருது.”

“நெல்லை இதுக்கெல்லாம் இறங்கி வரமாட்டானே. இருபத்திரண்டுதான்னு நிப்பான்.”

“அது அவன் பாடு” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.